தபால்காரர் பதில்கள்: அண்ணன் கொண்டுவந்து கொடுத்த படம்

போன இதழில் ஒரு வாசகர், “பிள்ளைகள் நம் மதத்திலேயே இருப்பார்களா?” என்று கேட்டிருந்தார். நானும் “பெரும்பாலும் இருப்பார்கள்” என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வார்த்தைக்கு 43 கடிதம் வந்திருக்கிறது. ஒன்றிரண்டில் திட்டு, மீதியில் அழுகை. மண்டபம், பாம்பன், வேதாளைப் பக்கம் 36 வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவன் நான். ஒரே விஷயத்துக்கு இத்தனை கடிதம் வந்தால் அது தேர்தலாக இருக்கும், இல்லாவிட்டால் சாவாக இருக்கும். இது இரண்டும் இல்லை. அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டேன். அடுத்தவர் கடிதத்தைச் சுமந்தே பழகியவனுக்கு அந்தக் கூச்சம் போகாது.

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை. புதுநன்மை வாங்கியது, பூசைக்குப் பீடத்தில் உதவி செய்தது எல்லாம் இங்கேதான். இப்போது கோயிலுக்கே போவதில்லை. கேட்டால், “எனக்கு நம்பிக்கை இல்லம்மா. பொய்யாப் போய் நிக்கச் சொல்றியா?” என்கிறான். வீட்டுக்காரர் “நீ வளர்த்த லட்சணம்” என்கிறார். இப்படிப் போன பிள்ளைகள் திரும்பி வருவார்களா? (ஒரு தாய், தங்கச்சிமடம்)

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில், தெற்குக் கலிஃபோர்னியாவில், வெர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியல் பேராசிரியர் 1970-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 350-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். பாட்டன் பாட்டியில் தொடங்கி நான்கு தலைமுறை. 35 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பெற்றோரின் பக்தி பிள்ளைக்கு எந்த வீட்டில் இறங்குகிறது, எந்த வீட்டில் இறங்குவதில்லை என்பது அவர்கள் பார்த்த கேள்விகளில் ஒன்று. பெற்றோர் பக்தியாக இருந்தால் மட்டும் போதவில்லை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒட்டுதல் இருந்த வீட்டில்தான் அதிகம் இறங்கியது. அதிலும் அம்மாவோடு இருந்த ஒட்டுதலைவிட அப்பாவோடு இருந்த ஒட்டுதலுக்குத்தான் கணக்கில் எடை கூடுதல். அது அமெரிக்க வீடுகளின் கதை, நம் வீட்டுக்கு அச்சாகப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் இந்தப் பத்தியை மட்டும் கத்தரித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

திரும்பி வருவார்களா என்பதற்கு என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல முடியும்.

நாங்கள் 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து பாம்பனுக்குக் குடிவந்தவர்கள். அப்பா கத்தோலிக்கர், அந்தோணியார் பக்தர். செவ்வாய்க்கிழமை நவநாளை விட்டுவிட்டுக் கடலுக்குப் போக மாட்டார். அண்ணனும் அப்படித்தான் இருந்தார். 1987-ல் மதினிக்கு வலிப்பு வந்து, ராமநாதபுரம், மதுரை என்று அலைந்தார்கள். பக்கத்து வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த ஒரு பாஸ்டர் இவர்கள் வீட்டுக்கும் வந்தார். மதினிக்குக் குணமானது மருந்திலா ஜெபத்திலா என்ற பேச்சில் நான் இன்றுவரை வாயைத் திறந்ததில்லை. அண்ணன் அந்தப் பாஸ்டரின் சபைக்குப் போனார், கடலில் முழுக்கு ஞானஸ்நானம் வாங்கினார். ஒரு ராத்திரி, சுவரில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “வச்சிருக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. உடைக்க மனசு வரலடா. நீ வச்சுக்க” என்றார்.

அப்பா பதினோரு வருடம் அண்ணனோடு பேசவில்லை. பேசவில்லையே தவிர, அண்ணன் தன் மகள் கையில் கொடுத்தனுப்பும் மீனைச் சாப்பிட்டார். விளைமீன் என்றால் இரண்டாவது தடவையும் குழம்பு கேட்பார். 1998-ல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவருக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பின்பு, அண்ணனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “ஒன் செபத்தச் சொல்லு, கேப்போம்.” அண்ணன் சபை வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னார், வார்டே திரும்பிப் பார்த்தது. முடிந்ததும் அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா மட்டும், “ஆண்டவருக்குக் காது கேக்காதா, இப்படிக் கத்துறான்” என்றார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2009-ல் அண்ணன் மகள், மீன் கொண்டுவந்து கொடுத்தாளே அதே பெண், முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு ஆர்.சி., அதாவது கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொண்டாள். கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, பூசை வைத்துக் கல்யாணம். அண்ணன் கோயிலுக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ அப்பாவ விட்டுட்டுப் போனப்ப...” என்று ஆரம்பித்தேன். “அது வேற” என்றார். பந்திக்கு மட்டும் எழுந்து வந்தார்.

ஆக அம்மா, சிலர் கல்யாணத்துக்குத் திரும்புகிறார்கள். சிலர் தலைப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு, சிலர் தகப்பன் சாவுக்கு. சிலர் திரும்புவதே இல்லை. நல்ல மனிதர்களாக வாழ்ந்து, அப்படியே போயும் சேர்ந்துவிடுகிறார்கள். உங்கள் மகன் “பொய்யாப் போய் நிக்கச் சொல்றியா” என்று கேட்டதில் எனக்கு ஒரு கெடுதலும் தெரியவில்லை. பொய் சொல்லாதே என்று நீங்கள்தானே சொல்லி வளர்த்திருப்பீர்கள்?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பாதீர்கள். அனுப்புவதாக நீங்கள் எழுதவில்லை, ஆனால் அனுப்பாத அம்மாவை நான் பார்த்ததில்லை. நானும் என் மகனுக்கு அனுப்பினேன். ஆறு மாதம் நீல டிக் விழுந்தது, அப்புறம் விழவில்லை. பொங்கலுக்கு வந்தவனின் போனை எடுத்துப் பேத்தி காட்டினாள்: என்னை மியூட்டில் போட்டு வைத்திருந்தான். இப்போதெல்லாம் பாம்பனில் அன்றைக்கு என்ன மீன், என்ன விலை என்று அனுப்புகிறேன். உடனே பதில் வருகிறது.

கேள்வி: நம் கடற்கரையில் ஊர் ஊராக மதம் மாறியிருக்கிறார்கள். இன்று ஒரே ஒரு ஆள் மாறினால் மட்டும் ஏன் வீடே இரண்டாகிறது? (கல்லூரி மாணவர், ராமநாதபுரம்)

பதில்: ஊரோடு மாறியவனுக்குப் பந்தி மாறவில்லை, தம்பி. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியர் பாதுகாப்பைத் தேடி மொத்தமாக ஞானஸ்நானம் வாங்கினார்கள். 1542-ல் சவேரியார் வந்து இறங்கியபோது, பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. பெண் கொடுக்க, பெண் எடுக்க, சாவுக்குத் தோள் கொடுக்க எல்லாம் அதே சனம். சாமி மாறியது, சம்பந்தி மாறவில்லை.

தனி ஆள் மாறிய கதைக்கு ஒரு தடவை ஓரியூர் போய்விட்டு வாருங்கள். தடியத்தேவர் என்ற மறவர் குலத்து இளவரசர் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்றார். போர்த்துக்கல்லில் பிறந்த அந்தச் சாமியாரின் சொந்தப் பெயர் ஜான் டி பிரிட்டோ. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தால் ஒரு மனைவிதான். தேவர் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார். அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிக்குச் சொந்தக்காரப் பெண். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. எந்தச் சாமி பெரிது என்று அங்கே யாரும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு வீட்டுப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதில் பற்றிய நெருப்பு அது. இன்றைக்கும் மதம் மாறிய வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி “இனி தங்கச்சியை யார் கட்டுவான்?” என்பதுதான். சாமியைப் பற்றிய கேள்வி அதற்குப் பின்னால்தான் வரும், சில வீடுகளில் வராமலே போகும்.

கேள்வி: தபால்கார அண்ணனுக்கு. என் வாப்பா சபரில், வெளிநாட்டுப் பிழைப்பில், இருந்தபோது அவர் கடிதத்தை நீங்கள்தான் கொண்டுவந்து தருவீர்கள். இப்போது என் மகன் ஆறு வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்திருக்கிறான். நபி புகழ் பாடும் மௌலூது ஓதக் கூடாது, ஏர்வாடி தர்காவுக்குப் போகக் கூடாது, அதெல்லாம் ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணைவைப்பது என்கிறான். ஐந்து வேளை தொழுகிறான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஊரில் என்னைக் கொடுத்துவைத்தவன் என்கிறார்கள். எனக்கு மட்டும் அவன் எங்கேயோ போய்விட்ட மாதிரி இருக்கிறது. நான் மௌத்தானால் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவானா என்றுகூடத் தெரியவில்லை. இது மதம் மாறியதில் சேருமா? (ஒரு தகப்பன், வேதாளை)

பதில்: சேராது. ஆனால் என் இரண்டு வார்த்தைப் பதிலில் இருந்த ஓட்டையை உங்கள் கடிதம்தான் காட்டிக்கொடுத்தது.

“பெரும்பாலும் இருப்பார்கள்” என்று நான் சும்மா எழுதவில்லை. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரை நேரில் பார்த்து, எந்த மதத்தில் வளர்ந்தீர்கள், இப்போது எந்த மதம் என்று கேட்டது. 100-க்கு 98 பேர் இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அதே மையம் பிற்பாடு 36 நாடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தென் கொரியாவில் பாதிப் பேர் வளர்ந்த மதத்தில் இல்லை. அங்கே விட்டுப்போனவர்களில் பெரும்பாலானோர் ‘எனக்கு மதமே இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். இங்கே வருடக்கணக்கில் கோயில் படி ஏறாதவனும், கேட்டால் இந்து என்பான், ஆர்.சி. என்பான். நமக்கு மதம் பள்ளிக்கூட டி.சி.யில் இருக்கிறது, பெண் பார்க்கும்போது இருக்கிறது, கடைசியில் எந்த மண்ணில் புதைப்பது என்பதிலும் இருக்கிறது. அதையெல்லாம் கழற்றிவைக்க யாருக்குத் துணிச்சல்?

உங்கள் மகனைக் கேட்டால் கணக்கெடுப்பவர் அவனை அந்த 98-ல்தான் போடுவார். என் அண்ணனையும் 98-ல்தான் போடுவார். வளர்ந்தது கிறிஸ்தவம், இப்போதும் கிறிஸ்தவம். என் அப்பா பதினோரு வருடம் பேசாமல் இருந்ததற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. எங்கள் தபால் பாஷையில் சொன்னால், ஊர் அதேதான், பின்கோடு அதேதான், ஆள் தெரு மாறிவிட்டார். கடிதம் எப்படியும் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பழைய வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் வெறிச்சென்று இருக்கும். வந்திருக்கும் 43 கடிதத்தில் மதத்தின் பெயரே மாறிவிட்டது என்று அழுதவை ஏழுதான். மீதி எல்லாம் உங்கள் கடிதம் மாதிரிதான்.

மார்க்கத்தில் யார் சரி என்று சொல்ல நான் ஆலிமும் இல்லை, முஸ்லிமும் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் உங்கள் தெருவுக்குச் சபரிலிருந்து வந்ததெல்லாம் நீலக் கவர், டிராஃப்ட், ஈச்சம்பழப் பார்சல். தொண்ணூறுகளில் பார்சலோடு பயான், அதாவது மார்க்கப் பேச்சுக் கேசட்டும் வர ஆரம்பித்தது. ஒரு வீட்டில் மகன் அனுப்பிய கேசட்டை உம்மா அடுப்படியில் போட்டுக் கேட்டுக்கொண்டே தர்காவுக்கு நேர்ந்துகொண்ட நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். மகன் குரல் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார். கேசட்டில் பேசியது மகன் இல்லை. அனுப்பியது மகன், அவ்வளவுதான்.

அப்புறம் ஏர்வாடியில் ஒரு நாள். ஒரு பையன் உம்மாவைப் பைக்கில் கொண்டுவந்து தர்கா வாசலில் இறக்கினான். தான் உள்ளே போகவில்லை. எதிரே டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீயை முக்கால் மணி நேரம் குடித்தான். உம்மா வெளியே வந்ததும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பையை வாங்கி மாட்டிக்கொண்டான். நான் அண்ணனின் வேப்பமரத்தை நினைத்துக்கொண்டேன். உங்கள் மகனிடம் ஏர்வாடிக்கு வா என்று சொல்லாதீர்கள், கொண்டுபோய் விடு என்று சொல்லிப் பாருங்கள்.

நாற்பதாம் நாள் விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவன் ஓத மாட்டான் என்றுதான் தோன்றுகிறது. அது வேண்டும் என்று இருந்தால் தம்பி வீட்டிலோ மகள் வீட்டிலோ இப்போதே சொல்லி வையுங்கள். அவனிடமும் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் அதற்கு ஒரு சண்டை வேண்டாம்.

கேள்வி: என் மகள் காதலித்த பையனுக்காகக் கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டாள். இந்த வருஷம் மாசிக் களரித் திருவிழாவில் அவள் இல்லாமல் குலசாமிக்குப் பொங்கல் வைத்தோம். “மதம் மாறினவளுக்குச் சொத்தில் பங்கு கிடையாது” என்று பங்காளிகள் சொல்கிறார்கள். உண்மையா? (ஒரு தகப்பன், தேவிபட்டினம்)

பதில்: இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1850-ல், மதம் மாறியதால் ஒருவருக்கு வாரிசுரிமை பறிபோகாது என்று சட்டம் போட்டார்கள். பங்காளிகள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பது 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவாக இருக்கும். அது மாறியவரைத் தொடுவதில்லை. மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், இந்து உறவினரின் சொத்துக்கு நேரடி வாரிசாக முடியாது என்கிறது. சொத்து இறங்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் இந்துவாக இருந்தால் அந்தத் தடையும் இல்லை. ஆக உங்களுக்குப் பிறகு மகளுக்குப் பங்கு உண்டு. மகள் உங்களுக்கு முன்னால் போய்விட்டால்தான் பேரனுக்குச் சிக்கல். நீங்களே சம்பாதித்த சொத்தை உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், கிறிஸ்தவப் பேரனுக்கும் எழுதலாம். பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

காதலிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மதத்தார் கல்யாணம் பண்ண ஒருவர் மாறியே ஆக வேண்டும் என்று இல்லை. 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டப்படி, 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, அவரவர் மதத்தில் இருந்தபடியே பதிவு செய்துகொள்ளலாம்.

களரிக்கு வருகிறேன். உங்கள் வருத்தம் புரியாமல் இல்லை. ஆனால் உங்கள் மகள் நம்ம ஊரிலேயே, நம்ம சாதியிலேயே கட்டியிருந்தாலும் புருஷன் வீட்டுக் குலசாமிதானே அவளுக்கு? அடுத்த மாசிக்கு வேறொரு களரியில்தான் பொங்கல் வைத்திருப்பாள். உங்கள் வீட்டுக்காரம்மாவும் அவர் பிறந்த வீட்டுச் சாமியை விட்டுவிட்டுத்தான் உங்கள் சாமிக்கு வந்தார். அப்போது அவரிடம் யாரும் சொத்தைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். சாமியைப் பற்றியும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: தபால் தாத்தா, நீங்கள் கோயிலுக்குப் போவீர்களா? உங்கள் மகன் போவாரா? (எட்டாம் வகுப்பு மாணவி, பாம்பன்)

பதில்: நான் போவேன். பின்வரிசை, தூணோரம். பிரசங்கம் நீண்டால் தூங்கிவிடுவேன், உன் பாட்டியைக் கேள், சொல்வார்.

மகன் பூசைக்கு வருவதில்லை. ஆனால் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் பெயர் எடுக்க ஆரம்பித்தால் முதல் போன் அவனிடமிருந்துதான்: “ரெண்டு பேர் பேரும் குடுத்துட்டியாப்பா?” ஆள் குடியிருக்காத தீவு, குடிக்கத் தண்ணீர் கிடையாது. கேனை அவன்தான் தூக்கிவருவான். எல்லாரும் சிலுவைப்பாதை நடக்கும்போது, அவன் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்தவர்களோடு கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். எதற்கு வருகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். “போட்ல போறது பிடிக்கும்” என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் கொடுத்த படம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. போன மாதம் வெள்ளை அடிக்கக் கழற்றியதை மறுபடி மாட்டியது மகன்தான். கொஞ்சம் கோணலாக மாட்டியிருக்கிறான். அண்ணன் இதிலெல்லாம் கறார். வந்தால் சொல்லிவிடுவார், ஆனால் அவர் அந்தச் சுவர்ப் பக்கம் பார்ப்பதில்லை.